மூன்றாம் மாடியில் ஆள் நடமாட்டம்

நூகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். விளக்கு எரியவில்லை. எழுந்து நின்று ஆட்டினான். அப்போதும் எரியவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே, நிற்காமல் போகிற பஸ்ஸை நிறுத்தப் பார்க்கிறவனைப் போல ஓடிக்கொண்டே ஆட்டியபோது, கூரையிலிருந்த வெள்ளைக் குமிழ் ஒருவழியாக அவனை ஓர் உயிர் என்று ஒத்துக்கொண்டது. அவன் தலைக்கு மேல் இரண்டு விளக்குகள் எரிந்தன. மற்ற இடமெல்லாம் இருட்டாகவே கிடந்தது.

"உக்காந்துராதீய தம்பி" என்றார் வாசலில் நின்ற காவல்காரர் பிச்சைக்கண்ணு. "உக்காந்தா அணைச்சிரும்."

"உக்காராம எப்படி அண்ணாச்சி வேலை பாக்க?"

"அது மிசினுக்குத் தெரியாதுல்லா. வேலை பாக்கவன் அசையாம இருப்பான்னு அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? ஆடுதவனைத்தான் அது ஆளுன்னு நெனைக்கு."

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், கீழே பேக்கரியும் செல்போன் கடையும் இருக்கிற கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி அது. நூற்றுச் சொச்சம் நாற்காலிகள். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் அனுப்புகிற பில்களில் தப்பு கண்டுபிடிப்பது நிறுவனத்தின் தொழில். தொற்றுக் காலத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் திரும்பக் கூப்பிட மறந்துபோனார்கள், அல்லது கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்துபோனார்கள். குத்தகை நீண்ட காலத்துக்குப் போட்டிருந்ததால் மாடி மட்டும் மிஞ்சியது. சுவரில் ஆளுயர எழுத்தில் 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதி, சிரிக்கிற வெள்ளைக்காரர்களின் படத்தை ஒட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் காலடியில் பிச்சைக்கண்ணு தன் ஈரத்துண்டைக் காயப்போடுவார்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கீழே இறக்கியபோது இறங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார்: "அங்கன ஆளைக் காலி பண்ணிட்டு மரத்தை வச்சுக்கிட்டாக. இங்கன ஆளைக் காலி பண்ணிட்டு நாக்காலியை வச்சிருக்காக. மரத்துக்குக் காவல் வேண்டாம். நாக்காலிக்கு வேணும். அதுல எனக்கு ஒரு சோலி கெடச்சுது."

நிறுவனத்தின் மேலுள்ள பற்றினால் நூகு இங்கே வரத் தொடங்கவில்லை. மாமியார் வீட்டில் பகலில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவன் பிறந்தது மேலப்பாளையம். வாப்பா தறிக்காரர். தறி ஓடிய காலத்தில் மகனைப் பொறியியல் படிக்க வைத்தார். மகன் படித்து முடித்தபோது தறி ஓடவில்லை. நூகு சென்னைக்குப் போய், நாலு பேர் தங்கும் அறையில் ஐந்தாவது ஆளாகச் சில வருஷம் இருந்தான். தொற்று வந்தது, ஊருக்கு வந்தான். ஊரிலேயே கல்யாணமும் ஆனது. இஷ்ரத் ஒரே மகள். அவளுடைய வாப்பா மௌத்தாகி வெகுகாலம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதுதான் மாமியார் ஷரீபா பீவி கேட்ட ஒரே சீர். மாடியில் புதிதாக அறை எடுத்து, மேசை நாற்காலி போட்டு, இணைய வயரையும் இழுத்துக் கொடுத்திருந்தார். எல்லாம் யோசித்த மனுஷி ஒன்றை யோசிக்கவில்லை. மாடிப்படி நடுக்கூடத்தில் வந்து இறங்கியது.

அந்தத் தெருவின் வீடுகளுக்கு இரண்டு தெரு உண்டு. முன்பக்கம் ஆண்களுடையது. பின்பக்கம், வீட்டுக்கு வீடு கதவு வைத்த முடுக்கு, பெண்களுடையது. காலையில் ஆண்கள் கடைக்கும் பட்டறைக்கும் கிளம்பிப் போனதும் பின்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பீடித்தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஷரீபா பீவியின் கூடத்துக்கு வந்து சேர்வார்கள். தெருவிலேயே காற்றோட்டமான கூடம் அதுதான். மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, மாலைக்குள் கடைக்குக் கட்டு போய்விடும். மூன்று தலைமுறையாக அந்தப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துவந்தார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதைப் பற்றிக் கருத்தரங்கு எதுவும் நடக்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற முதல் ஆம்பிளை மாடியில் வந்து குடியேறியதும் இந்த ஏற்பாடு குலைந்தது. நூகு தண்ணீர் குடிக்க இறங்கினால் கூடத்துப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தட்டோடு எழுந்து ஓட வேண்டியிருந்தது. அவன் படியின் மேலேயே நின்று இருமிவிட்டு இறங்கிப் பார்த்தான். இருமலைக் கேட்டே ஓடினார்கள். பிறகு வருவதை நிறுத்தினார்கள். ஷரீபா பீவி வெறுங்கூடத்தில் தனியாக உட்கார்ந்து பீடி சுற்றினார். பேச ஆளில்லாமல் அவர் சுற்றிய பீடி அந்த வாரம் எல்லாம் இறுகிப்போய், கடையில் கழித்துக் கட்டினார்கள்.

மாமியார் மருமகனிடம் நேராகப் பேசும் வழக்கம் அங்கே இல்லை. மகளிடம் சொல்வார், மருமகன் காதில் விழுகிற மாதிரிச் சொல்வார்.

"ஏளா இஷ்ரத்து, ஒம் மாப்ளைக்கு ஆபீஸுன்னு ஒண்ணு கெடையாதா?"

"இருக்கு உம்மா. யாரும் போறதில்ல."

"யாரும் போவாத எடத்துக்கு எதுக்கு ஆபீஸுன்னு பேரு? ஆம்பளைன்னா காலையில போவணும், அந்திக்கு வரணும். இவுக போறதும் இல்ல, வாரதும் இல்ல."

"வேலை பாக்கத்தான செய்யுதாவ."

"யாரு இல்லேன்னா? அதைக் கண்ணுக்குத் தெரியாத எடத்துல பாக்கச் சொல்லு."

அதற்கும் நூகு அசையவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு ஹமீது பீவி, பின்கதவு வழியாக ஒரு போகணியில் கஞ்சியும் நாலு சாத்துக்குடியும் கொடுத்தனுப்பினார். நோயாளிக்கு என்று. இத்தனை மாதமாக வெளியே தலைகாட்டாமல் மாடியிலேயே கிடக்கிறவனுக்கு உடம்புக்கு ஏதோ பெரிதாக இருக்க வேண்டும் என்று முடுக்கு முழுக்கப் பேசி முடிவு செய்திருந்தார்கள். இஷ்ரத் கஞ்சியை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் நூகு சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

அதே வேலை, அதே கணினி. டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் வந்ததும் அது உத்தியோகம் ஆகிவிட்டது. அந்தியில் அவன் செருப்பைக் கழற்றும்போதே ஷரீபா பீவி குரல் கொடுப்பார்: "ஏளா, களைச்சு வந்திருக்காவ. காத்தாடியப் போடு." பீடித்தட்டுகள் கூடத்துக்குத் திரும்பின. டீயோடு வடையும் வந்தது. இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது.

பிறகு கோடை வந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் திறக்கிற ஜன்னல் கிடையாது. குளிர்சாதனம் தலைகளை எண்ணித்தான் ஓடும். அந்தக் கணக்கைச் சென்னையிலிருந்து வைத்திருந்தார்கள். ஒரு தலைக்கு அது அசையாது. நூகு பனியனோடு உட்கார்ந்து, அமெரிக்காவில் ஒருவனுக்கு முழங்காலில் ஊசி போட்ட பில்லை, வேர்வை சொட்டச் சொட்டச் சரிபார்த்தான். நடு நடுவே எழுந்து ஆடினான். அந்த வாரமே எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆள் நடமாட்டம் குறைவாக உள்ள மாடிகளை வரும் காலாண்டில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக முடிவு. ஊழியர்கள் தங்கள் இல்லத்தின் இதமான சூழலில் தொடர்ந்து பணியாற்றலாம் என்று எழுதியிருந்தது.

நூகுவின் கண்முன்னே கஞ்சிப் போகணி வந்து நின்றது.

"ஆளுதான வேணும்?" என்றார் பிச்சைக்கண்ணு. மாடி போனால் அவருக்கும் நாற்காலி இல்லை. "சோலி பாக்கணும்னு மிசினு கேக்கா என்ன? ஆடுனா போதும்."

நூகு கூப்பிட்டு முதலில் வந்தவர் அலி அஸ்கர், கஞ்சி அனுப்பிய ஹமீது பீவியின் கணவர். சவுதியில் தம்மாமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வந்த அன்றைக்கே அவருடைய வீட்டுக்காரிக்கு ஒன்று புரிந்துபோனது: மாப்பிள்ளை தூரத்தில் இருந்தால்தான் நன்றாக இருக்கிறது. காலைப் பசியாறியதும் அவரை வெளியே அனுப்பிவிடுவார். மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் டீக்கடை பெஞ்சில் இருப்பார். மாலை அசர் வரைக்கும் வேறொரு டீக்கடை.

"ஏசி ஓடுமாவே?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க வந்தா ஓடும் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் நூகு.

அடுத்த நாள் ஷமீமைக் கூட்டிக்கொண்டு வந்தார். டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஜனங்கள் போனிலேயே துணி வாங்கத் தொடங்கியதும் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். வீட்டுக்காரி உட்கார விடவில்லை. அப்புறம் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், முட்டிவலிக்காரர் ஒருவர், சவுதியிலிருந்து விடுப்பில் வந்து விடுப்பு முடிந்தும் திரும்பிப் போகாத இரண்டு பேர். பெண்கள் வீட்டை விட்டுத் துரத்திய ஆண்கள் அந்தத் தெருவில் இத்தனை பேர் இருந்தது ஆண்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. தூக்குச்சட்டியோடு ஒரே பஸ்ஸில் ஏறி வந்தார்கள். எல்லா மூலையிலும் விளக்கு எரிந்தது. குளிர்சாதனம் உறுமிக்கொண்டு ஓடியது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயர்ந்ததும் விளக்கு தானாக அணைந்தது.

"மிசினுக்கு மரியாதை தெரியுதுவே" என்றார் அலி அஸ்கர், கண்ணைத் திறக்காமல்.

நூகு ஒரு மூலையில் உட்கார்ந்து பில் பார்த்தான். அந்த மாடியில் வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தான் என்றாலும், வேலை செய்யாதவர்கள் சுற்றியிருந்ததால் முதல் முறையாக அந்த இடம் ஆபீஸ் மாதிரி இருந்தது.

கோடை முடிவதற்குள் சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. ஆள் நடமாட்டத்தில் நாட்டிலுள்ள எல்லாக் கிளைகளிலும் திருநெல்வேலியே முதலிடம். இந்தச் சாதனையின் ரகசியத்தை அறிய மனிதவளத் துறையின் துணைத் தலைவர் பாக்கியசீலன் வியாழக்கிழமை நேரில் வருகிறார்.

வியாழக்கிழமை யாரும் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று நூகு எல்லோரிடமும் சொன்னான். எண்ணுகிற கருவி கெட்டுப்போயிருந்தது என்று அதிகாரியிடம் சொல்லிவிடலாம் என்பது அவன் திட்டம். வேலை தப்பும், மாடி எப்படியும் போகும். இரவு இதை இஷ்ரத்திடம் மெதுவாகச் சொன்னான். சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்தது.

"அதிகாரி வாராகளா?" என்றது சுவர். "ஏளா, விருந்தாளி வாரப்போ ஆளில்லாத வீட்டுலயா உக்கார வைப்பாக? மேலப்பாளையத்துக்காரன் வெறும் வீட்டைக் காட்டுனான்னு நாளைக்கு ஊர் சொல்லாதா?"

"உம்மா, அது நம்ம வீடு இல்ல. ஆபீஸு."

"எந்த எடமா இருந்தா என்ன? வந்தவுக வயிறு ஒண்ணுதான?"

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. விருந்தாளி ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த வீட்டுக்கே இழிவு என்று வளர்ந்தவர். விடிகாலைச் சுபுஹுத் தொழுகைக்கு முன்பே முடுக்கின் எல்லாப் பின்கதவுகளுக்கும் செய்தி போய்விட்டது.

வியாழக்கிழமை காலை நூகுவும் பிச்சைக்கண்ணுவும் காலி மாடியில் நின்றுகொண்டிருந்தார்கள். லிஃப்ட் திறந்தது. பாக்கியசீலன் வெளியே வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் அலி அஸ்கரும் ஷமீமும், அத்தரும் வெள்ளைச் சட்டையுமாக, ஏற்கெனவே பேசிக்கொண்டே வந்தார்கள். படிக்கட்டு வழியாக மற்றவர்கள் ஏறிவந்தார்கள். இதுவரை வராதவர்களும் வந்திருந்தார்கள். நிக்காஹ் வீட்டுக்கு வருகிறவர்களைப் போல வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் பிரியாணி தேக்சாவைக் காது பிடித்துத் தூக்கிவந்தார்கள். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன.

பாக்கியசீலன் சுற்றிப் பார்த்தார். "என்ன ஒரு எனர்ஜி" என்றார். பிறகு அலி அஸ்கரிடம் திரும்பினார். "நீங்க எந்த டீம் சார்?"

"மேலப்பாளையம்."

"இப்போ என்ன ப்ராஜெக்ட் போகுது?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் இருக்கோம்."

"ஓ, ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்சுல இருக்கீங்க."

"முன்னால பெஞ்சுலதான் இருந்தோம். இங்கன நாக்காலி. இது வசதி."

பாக்கியசீலன் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். "உங்களை நிறுவனம் கட்டாயப்படுத்தவே இல்ல. வீட்லேர்ந்தே இருக்கலாம். ஆனாலும் தினமும் வர்றீங்க. ஏன்? அதைத்தான் நான் தெரிஞ்சுக்கணும்."

ஷமீம்தான் சொன்னார்: "வீட்டுல இருக்க விட மாட்டேங்காளுவ சார்."

பாக்கியசீலன் பேனாவை மூடினார். சென்னையில் கிடந்த இருபது வருஷமும் சற்று நேரம் அவர் முகத்திலிருந்து இறங்கிப் போய், பக்கத்து ஜில்லா சாயர்புரத்துக்காரர் ஒருவர் வெளியே வந்தார்.

"நம்ம வீட்லயும் அதே கததாம்வே" என்றார்.

கூட்ட அறையில் விரிப்பு விரித்து, சஹனுக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். ஒரே தட்டில் நாலு கை. நூகு அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்க. அந்தக் கறித்துண்டை இப்படித் தள்ளுங்க."

லிஃப்டில் கீழே இறங்கும்போது அவரே சொன்னார். "இவங்க யாரும் நம்ம ஆள் இல்லேன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் கையெழுத்துப் போட்டுதான் உங்களுக்கெல்லாம் சம்பளம் வருது. சென்னையில எட்டு மாடி காலி. ஆளை ஆபீஸுக்குக் கொண்டுவான்னு என் கழுத்தைப் பிடிக்கிறாங்க. இப்போதான் என் கையில ஒரு உதாரணம் கிடைச்சிருக்கு. நீங்க கெடுத்துராதீங்க."

"அப்போ மாடி இருக்குமா சார்?"

"மாடியா? இதைவிட நிரம்பின மாடி இனிமே நாட்டுலயே இருக்காது."

நூகு அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டான். அதிகாரி சஹனில் கை நனைத்த செய்தி முடுக்கின் கடைசி வீடு வரைக்கும் போயிருந்தது. "எம் மருமவன் ஆபீஸு" என்று ஷரீபா பீவி எல்லாப் பேச்சையும் தொடங்கினார்.

பாக்கியசீலன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 'திருநெல்வேலி முன்மாதிரி' என்ற பெயரில் ஆணை வந்தது. வீட்டிலிருக்கும் ஊழியர்கள் அனைவரும் திங்கள்கிழமை முதல் அலுவலகம் வர வேண்டும். நாற்காலி நூற்றுச் சொச்சம். கிளையின் பெயரில் இருந்த ஆட்கள் அதற்கு மூன்று மடங்கு. எனவே முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் கருவி ஒன்றை வாசலில் மாட்டினார்கள். கூடவே நூகுவுக்கு மட்டும் தனியாக ஒரு மின்னஞ்சல், ஓரத்தில் கொடியும் பூவும் போட்டு வந்தது. வருகையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றதற்குப் பரிசாக, அவன் இனி அலுவலகத்துக்கு வரவே வேண்டியதில்லை. நிரந்தரமாக வீட்டிலிருந்தே பணியாற்றலாம்.

நூகு சென்னைக்குப் போன் போட்டான்.

"சார், எனக்கு இந்தப் பரிசு வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்ல முடியாதே தம்பி. நீங்க எழுந்தாத்தான் இன்னொருத்தர் உட்கார முடியும். இங்கே என் நாற்காலியையே யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. நின்னுக்கிட்டுதான் பேசுறேன்."

திங்கள்கிழமை நூகு வழக்கம்போலப் போனான். படிக்கட்டு முழுக்க இளவட்டங்கள் பையை மாட்டிக்கொண்டு, காதில் ஒயரோடு, முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். வாசல் கருவியின் முன்னால் நூகு தன் முகத்தைக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினான். சிவப்புதான். பழக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆடுனாலும் இப்போ ஒத்துக்கிட மாட்டேங்கு தம்பி" என்றார் பிச்சைக்கண்ணு. அவருக்குப் புதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கூட்டம் அதிகமாக இருப்பதால் காவல்காரர் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று ஆணை.

கீழே பேக்கரி வாசலில் அலி அஸ்கரும் மற்றவர்களும் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். அவர்கள் முகத்துக்கும் கருவி சிவப்பைத்தான் காட்டியிருந்தது.

"வீட்டுல சொல்லிராதவே" என்றார் அலி அஸ்கர். "சொன்னா நாங்களும் சொல்ல வேண்டி வரும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நூகு எட்டு மணிக்கு இஸ்திரிச் சட்டை போட்டு, சாப்பாட்டுப் பையையும் கணினியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பியதும் பின்கதவுகள் திறந்தன. அவன் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் இறங்கி, பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்து, மின்விசிறிக்குக் கீழே செல்போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினோரு மணிக்குக் கணினியில் அலுவலகக் கூட்டம் இருந்தது. ரயில் வருகிற அறிவிப்பின்போது தன் பக்கத்து ஒலியை அடைத்துக்கொண்டான். அமெரிக்காவிலிருந்து வந்த பில்களில் மூன்று தப்பு கண்டுபிடித்தான். அலி அஸ்கர் அடுத்த பெஞ்சில் பேப்பர் படித்தார். மதியம் இருவரும் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பிளாட்பார்ம் டிக்கெட்டின் நேரம் முடிந்ததும் வெளியே போய் இன்னொன்று எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆறரை மணிக்கு நூகு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"ஏளா, ஆபீஸுல ஏசி ஓடுச்சான்னு கேளு" என்றார் ஷரீபா பீவி.

ஓடியது என்று நூகு சொன்னான். வடை வந்தது.